பாவும் மணியும்

தென்மேற்குப் பருவக்காற்றில் சாரல் இறங்கும் மாதங்களில் குற்றாலத்திற்குச் செல்வோர், அருவிக்குப் போகும் வழியில் நரிக்குறவப் பெண்கள் பாசிமணி விற்பதைக் காணாமல் திரும்புவதில்லை. விரலிடுக்கில் தங்கூசி நரம்பு, மடியில் மணிக்குவியல். அவர்கள் மணியைக் கோக்கிறார்கள், நெய்வதில்லை. மணிவேலையின் இரு மரபுகள் பிரியும் இடம் இதுவே.

கோத்த மாலையின் உயிர் ஓர் இழையில் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்தணி, யமன் நாட்டு ழஃபார் மணிகளால் ஆனது. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அது அறுந்து விழுந்ததையும், அதைத் தேடிச் சென்றமையால் அன்னையார் அடைந்த துயரையும் நாம் அறிவோம்.

நெய்த மணியோ அவ்வாறு சிதறுவதில்லை. தென்காசிக்கு வடக்கேயுள்ள கடையநல்லூரில் நம்மவர் பல தலைமுறை கைத்தறியால் வாழ்ந்தவர்கள்; நீளவாட்டில் நிற்கும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் அங்கே வீட்டுச் சொற்கள். மணித்தறிக்கும் அவ்விரண்டுமே அடிப்படை. ஆனால் அதில் மிதியில்லை, விழுதில்லை, நாடாவும் இல்லை. நாடாவின் வேலையை ஒரு மெல்லிய ஊசி செய்கிறது. வட அமெரிக்கப் பழங்குடியினர் சிலர் வளைத்த குச்சியின் இரு முனைகளுக்கிடையே நூல் கட்டியே தறியாக்கிக் கொண்டனர்.

குறுக்கே ஒன்பது மணி வேண்டுமாயின் பாவு பத்து இழை. ஊசியில் ஒன்பது மணிகளையும் ஏற்றிப் பாவுக்கு அடியில் கொண்டுசென்று, ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு மணி அமருமாறு கீழிருந்து விரலால் உயர்த்திப் பிடிக்க வேண்டும். பின்னர் ஊசி அதே துளைகளின் வழியே, இம்முறை பாவுக்கு மேலாக, திரும்பி வர வேண்டும். மேலும் கீழும் ஓடிய இரு ஊடைகளுக்கிடையே பாவு சிக்குண்டு நிற்க, மணி அசைவதில்லை. இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள சிறுமணியில் ஒரு கைக்காப்பு நெய்ய ஏறத்தாழ நூறு வரிசை, தொள்ளாயிரம் மணி பிடிக்கும். கண்ணுக்கு இது கொடிய வேலைதான்.

நரிக்குறவப் பெண்களுக்கும் இத்தறியைக் கற்பித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்கே மணியின் பிறப்பை நோக்க வேண்டும். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், 1945இல் வீலர் அகழ்ந்த இடத்தில், பண்டைக் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. உருகிய கண்ணாடியை உட்துளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்குவது அவற்றின் முறை. திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் அவ்வாறே செய்தனர். கையால் இழுத்த குழல் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும், மணிகளும் அவ்வாறே. இழையில் கோத்தால் அது அழகு. தறியிலிட்டாலோ தடித்த மணி பாவை விலக்கும், வரிசை கோணும், ஓரம் நெளியும். ஆகவே தறிக்காரர் ஒரே அளவுள்ள ஜப்பானிய மணியையோ செக் நாட்டு மணியையோ நாடுகின்றனர். அதன் விலையும் அதற்கேற்ப ஏறுகிறது.

நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டவரைவு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்க முன்வருவோர், தறியைக் கொடுக்குமுன் அவர்கள் மடியிலுள்ள மணியை ஒருமுறை கையிலெடுத்துப் பார்ப்பது நன்று. சமமற்ற பத்து மணிகளில் எதன் அருகே எதை வைத்தால் மாலை சரியாக விழும் என்பதை அவர்களின் விரல் அறிந்திருக்கிறது. தறியில் அந்த அறிவுக்கு வேலையில்லை.