வேம்பும் வளவும்: மரவளர்ப்பின் சமூக அடிப்படை பற்றிய ஒரு குறிப்பு

வேம்பு குறித்து எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை அதன் மருத்துவச் சிறப்பையோ, அம்மன் வழிபாட்டோடு அதற்குள்ள தொடர்பையோ விதந்துரைப்பனவாக அமைகின்றன. அதனை எவ்வாறு, எவருடைய நிலத்தில் வளர்ப்பது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலைமைகளை ஆதாரமாகக் கொண்டு அவ்வினாவை இங்கு நோக்குவோம்.

ஆனி, ஆடி மாதங்களிற் பழுத்து விழும் பழத்தின் சதையை நீக்கி, விதையை நிழலில் உலர்த்தி, தாமதமின்றி நடுதல் வேண்டும். வேப்பம் விதை நெல்லைப் போன்று சேமித்துவைக்கத்தக்கதன்று. சில வாரங்களிலேயே முளைதிறனை இழந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில் இட்டு மண்ணை ஈரமாக வைத்திருப்பின் ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளை தோன்றும். (வேலியோரங்களிற் காகம் இட்ட விதை தானே முளைப்பதால், விதையிட்டு வேம்பு வளர்த்தோர் எம்மிடையே குறைவு என்பதும் உண்மையே.) ஐப்பசி மழையோடு கன்றை, ஆணிவேர் அறுபடாது மண்ணுடன் பெயர்த்து நட்டால், கோடைக்கு முன் வேரூன்றிவிடும். சுண்ணக்கற் பாறைமீது படிந்த செம்மண்ணையும் வறட்சியையும் வேம்பு தாங்கும். தேங்கும் நீரையே அது தாங்காது. முதலிரு கோடைகளில் அளவாக நீர் விட்டால் போதுமானது. ஆட்டுக்கு எட்டாதபடி கூடு அடைத்தல் அதனினும் முக்கியம்.

வளர்ந்த மரத்தின் வேரும் கிளையும் அகன்று பரவுவன. ஆதலால் வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 20 அடியாவது விலக்கி நடுவது நன்று. இச்சாதாரண ஆலோசனையிலேயே நிலவுடைமைப் பிரச்சினை ஒளிந்திருக்கின்றது. ஒரு பரப்பு 10 பேர்ச். அரைப் பரப்புக் காணியோ ஏறத்தாழ 37 அடிச் சதுரமாகும். அதில் வீடும் கிணறும் அமைந்தபின் 20 அடி எங்கிருந்து வரும்? பிறர் காணியிற் குடியிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அந்த அரைப் பரப்பும் சொந்தமாக இருந்ததில்லை. மரம் நடுதல் நிலத்தின்மீதான உரிமைப் பிரச்சினையாகவும் இருந்து வந்துள்ளது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, பிறர் நிலத்தில் மரம் நட்டவருக்கும் நிலவுடைமையாளருக்கும் இடையே அதன் பயனைப் பங்கிடுவது பற்றி விதி கூற நேர்ந்தமை இதனோடு இணைத்து நோக்கற்பாலது.

வேம்பு பற்றிய அறிவு யாருடையது? ‘எம் முன்னோர் கண்ட மருந்து’ என்னும் பெருமிதப் பேச்சு, அம்முன்னோருள் உழைத்தவர் யார் என்பதை மறைத்துவிடுகின்றது. புகையிலைத் தோட்டத்திற் குழை தாழ்த்தியவர்களும், வேப்பம் பிண்ணாக்கை எருவாக இட்டவர்களும், பங்குனியில் உதிர்ந்த பூவைக் கூட்டியள்ளி உழுந்துடன் வடகமாக்கிய பெண்களுமே அவ்வறிவைக் கைவழியாகக் காத்தவர்கள். 1994 இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் முறையொன்றிற்கான உரிமையை அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பனிக்கும் வழங்கிற்று. எதிர்ப்பின் பேரில் 2000 இல் அது இரத்துச் செய்யப்பட்டது. மேன்முறையீடும் 2005 இல் நிராகரிக்கப்பட்டது. அவ்வெற்றியைத் தேசியப் பெருமையாக மட்டும் கொண்டாடியோர், உள்ளூரில் வேம்பு நட நிலமற்றோரைப் பற்றிப் பேசியது குறைவு.

எமது நோக்கில், காணியற்றோர் செறிந்த குடியிருப்புகளிற் சனசமூக நிலைய வளவுகளிலும் ஒழுங்கை முடக்குகளிலும் வேம்பை நடுவதே நடைமுறைச் சாத்தியமானது. எவருடையதுமல்லாத கன்று முதற் கோடையிலேயே பட்டுவிடும் என்னும் ஆட்சேபம் நியாயமானதே. ஆதலால் நீர் விடும் முறையைக் கன்று நடுமுன்னரே வீடுவீடாகப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளிற் காய்க்கத் தொடங்கும் மரத்தின் பூவும் விதையும் எவரெவருக்குரியன என்பதும் அப்போதே எழுத்தில் இடப்படல் வேண்டும்.