பென் டிரைவை பார்மட் செய்யப் போகிறீர்களா? போய்ச் சேரும் மெஷினைக் கேளுங்கள்!

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலைப் பகுதியில், பெரிய கம்பெனிகள் பலவற்றில் பென் டிரைவை உள்ளே கொண்டு போகவே விடமாட்டார்கள். ஆனால், அவற்றுக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் சிறிய யூனிட்களில் நிலைமை வேறு. டிசைன் போடும் கம்ப்யூட்டரிலிருந்து சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் போவது இன்றும் பல இடங்களில் பென் டிரைவ் மூலம்தான். இத்தகைய யூனிட்களுக்கு ஸ்டாக் கணக்கு சாப்ட்வேர் அமைத்துத் தருவது என் வேலை. போகும் இடமெல்லாம் ஒரே கேள்வி வருகிறது. "சார், இந்த பென் டிரைவ் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, மெஷினில் ஓடவில்லை. கெட்டுப் போய்விட்டதா?"

பெரும்பாலும் பென் டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். அது பார்மட் செய்யப்பட்டுள்ள முறைதான் அந்த மெஷினுக்குப் புரிவதில்லை.

பார்மட் என்றால் என்ன?

ஒரு ஸ்டோர் ரூமில் எந்த ரேக்கில் எந்தப் பொருள் இருக்கிறது என்று ஸ்டோர் கீப்பர் ஒரு லெட்ஜரில் எழுதி வைப்பார். பென் டிரைவிலும் அப்படி ஒரு லெட்ஜர் உண்டு. அதை எழுதும் முறைக்குத்தான் பைல் சிஸ்டம் என்று பெயர். பார்மட் செய்வது என்றால், பழைய லெட்ஜரை எடுத்துவிட்டுப் புதிய லெட்ஜர் போடுவது. வீட்டு உபயோகத்தில் நமக்கு மூன்று முறைகள் தெரிந்தால் போதும்.

எப்.ஏ.டி.32: இது 1996-ல் விண்டோஸ் 95-ன் திருத்திய பதிப்புடன் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ், டி.வி., கார் ஸ்டீரியோ என ஏறக்குறைய எல்லாமே இதைப் படிக்கும். பழைய சி.என்.சி. கண்ட்ரோலர்கள் பலவும் எப்.ஏ.டி. வகையை மட்டுமே எதிர்பார்க்கின்றன. இதில் உள்ள குறை, ஒரு பைல் 4 ஜி.பி.க்குக் குறைவாகவே இருக்க வேண்டும். பைலின் அளவைக் குறிக்க இந்த லெட்ஜரில் 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதற்கு மேல் ஒரு பைட் கூட ஏறாது. 64 ஜி.பி. டிரைவ் காலியாக இருந்தும் 6 ஜி.பி. கல்யாண வீடியோ ஏற மறுப்பது இதனால்தான்.

என்.டி.எப்.எஸ்.: 1993-ல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்தது. பெரிய பைல்களைத் தாங்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குள் மட்டும் மாற்றுவதற்கு நல்லது. மேக் கம்ப்யூட்டர் இதைப் படிக்கும். ஆனால், தனி சாப்ட்வேர் இல்லாமல் எழுதாது. மெஷின்களும் டி.வி.க்களும் பல நேரங்களில் இதை அடையாளம் காண்பதில்லை.

எக்ஸ்ஃபேட்: பென் டிரைவ், மெமரி கார்டு போன்றவற்றுக்காகவே மைக்ரோசாப்ட் 2006-ல் கொண்டு வந்தது. 4 ஜி.பி. தடை இல்லை. இன்றைய விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். லினக்ஸ் கர்னலில் 2019 முதல் இதற்கான வசதி சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய லினக்ஸ் என்றால் தனிப் பேக்கேஜ் தேவைப்படும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்களில் விண்டோசும் பாஸ் லினக்சும் இருந்தன. அந்தப் பழைய லினக்சை இன்னும் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"பார்மட் செய்யவா?" என்று கேட்டால்...

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. டிப்ளமோ முடித்த ஒரு தம்பி, மறுநாள் இன்டர்வியூவுக்காக மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்க வந்திருந்தார். எல்லாம் ஒரே பென் டிரைவில். வேறு காப்பி இல்லை. கடையில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர். செருகியவுடன், "டிஸ்க் பார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?" என்று கேட்டது. "எஸ் கொடுங்கண்ணா" என்றார் தம்பி. பக்கத்தில் நின்ற நான் நோ கொடுக்கச் சொன்னேன்.

அது எக்ஸ்ஃபேட் பென் டிரைவ். எக்ஸ்.பி.க்கு எக்ஸ்ஃபேட் தெரிய 2009-ல் வந்த ஒரு அப்டேட் தேவை. அது அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. என் லேப்டாப்பில் செருகியபோது பைல்கள் அத்தனையும் இருந்தன. ஆகவே, இந்தக் கேள்வி வந்தால் உடனே நோ கொடுங்கள். வேறு ஒரு புதிய கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். எங்குமே திறக்கவில்லை என்றால்கூட, பார்மட் செய்வதற்கு முன், போட்டோரெக் போன்ற இலவச புரோகிராம் கொண்டு பைல்களை மீட்க முயற்சி செய்திடலாம். மீட்கும் பைல்களை அதே பென் டிரைவில் சேமிக்கக் கூடாது.

பார்மட் செய்வது எப்படி?

1. பென் டிரைவில் உள்ள எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் காப்பி செய்து, இரண்டொரு பைல்களைத் திறந்து சரிபார்க்கவும்.

2. திஸ் பிசி (பழைய விண்டோசில் மை கம்ப்யூட்டர்) திறந்து, பென் டிரைவின் எழுத்தையும் கொள்ளளவையும் பார்த்துக்கொள்ளவும். வெளி ஹார்ட் டிஸ்க் ஏதும் செருகியிருந்தால் கழற்றிவிடுவது நல்லது.

3. பென் டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து, மெனுவில் பார்மட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

4. பைல் சிஸ்டம் என்ற இடத்தில் தேவையானதைத் தேர்வு செய்திடவும். அலொகேஷன் யூனிட் சைஸ் என்பதை மாற்ற வேண்டாம்.

5. குவிக் பார்மட்டில் டிக் இருக்கட்டும். ஸ்டார்ட் கிளிக் செய்திடவும்.

பென் டிரைவை வேறு ஒருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் குவிக் பார்மட் டிக்கை எடுத்துவிடுங்கள். குவிக் பார்மட் லெட்ஜரை மட்டுமே மாற்றும், பைல்களை அழிக்காது. விஸ்டா முதல் வந்த விண்டோஸ்களில் முழு பார்மட், டிரைவ் முழுவதும் பூஜ்ஜியம் எழுதும். நேரம் ஆகும், ஆனால் பாதுகாப்பு.

32 ஜி.பி.க்கு மேற்பட்ட பென் டிரைவ் என்றால் இந்த விண்டோவில் எப்.ஏ.டி.32 கிடைக்காமல் போகலாம். பல ஆண்டுகளாக விண்டோஸ் வைத்திருக்கும் வரம்பு அது. சி.என்.சி. புரோகிராம்கள் பெரும்பாலும் சில கிலோபைட்கள்தான் என்பதால், மெஷினுக்கென்று 8 ஜி.பி. டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே எளிது.

தனியாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், இன்டர்நெட் இணைப்பு இல்லாத தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்களையும் பென் டிரைவ் வழியாக எட்டியது. மெஷினில் செருகும் டிரைவை ஜெராக்ஸ் கடையில் செருகாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மெஷின், டி.வி., கார் என்றால் எப்.ஏ.டி.32. விண்டோசுக்குள் மட்டும் என்றால் என்.டி.எப்.எஸ். விண்டோஸ், மேக், புதிய லினக்ஸ் கலந்து பெரிய பைல்கள் என்றால் எக்ஸ்ஃபேட். இவற்றில் எது நவீனமானது என்பது முக்கியமல்ல; பென் டிரைவ் போய்ச் சேரும் இடங்களில் மிகப் பழைய மெஷின் எது என்று பார்த்து, அதற்கு ஏற்றதைக் கொடுங்கள். காப்பி முடிந்ததும் எஜெக்ட் கொடுத்த பிறகே கழற்றவும். சான்றிதழ்கள் போன்றவற்றுக்கு இரண்டாவது காப்பி ஒன்று வேறு இடத்தில் கட்டாயம் இருக்கட்டும்.