லாத்தாவில் குளிக்கப் போகிறீர்களா? முதலில் மலையைப் பாருங்கள்

கோலா கெத்தில் – பள்ளி விடுமுறை என்றால் நம் குடும்பங்கள் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு லாத்தா பாயுவுக்கோ, ஜெராய் மலையடிவாரத்து தித்தி ஹாயுனுக்கோ கிளம்பிவிடுவது வழக்கம். போகும் முன் கோலா கெத்திலில் வெயிலா, மழையா என்றுதான் பெரும்பாலோர் பார்க்கிறோம். பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல.

மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் மலைவெள்ளம், நாம் குளிக்கும் இடத்தில் மழையே இல்லாதபோதும் வரும். 18 ஆகஸ்டு 2021-இல் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு, 4 ஜூலை 2022-இல், நம் பாலிங் மாவட்டத்திலேயே, கூப்பாங் கம்போங் இபோயில் சேறும் மரக்கட்டைகளும் வீடுகளுக்குள் புகுந்து மூவர் மாண்டனர். இனாஸ் மலையில் காடு வெட்டப்பட்டது பற்றி அப்போது எழுந்த விவாதம் பலருக்கும் நினைவிருக்கும்.

இது எப்படி நடக்கிறது? பல நாள் மழையில் ஊறிய மண் மேற்கொண்டு தண்ணீரை இழுக்காது. சரிந்த மண்ணும் விழுந்த மரங்களும் குறுகிய ஓடையை அடைத்துவிட்டால், பின்னால் தண்ணீர் தேங்கி, ஒரு கட்டத்தில் எல்லாம் சேர்ந்து உடைத்துக்கொண்டு இறங்கும். பனிமலையில் சறுக்குபவர்களும் காலடியை மட்டும் பார்ப்பதில்லை. மேலே எவ்வளவு புதுப்பனி விழுந்தது, காற்று அதை எந்தச் சரிவில் குவித்தது என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்புகிறார்கள். நமக்குப் பனி இல்லை, மழை இருக்கிறது. கணக்கு ஒன்றுதான்.

ஆகவே, முந்திய இரண்டு மூன்று நாள் மழையை முதலில் பாருங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வெள்ளத் தகவல் அகப்பக்கத்தில் மழை அளவு இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது கனமழை; 60-ஐத் தாண்டினால் மிகக் கனமழை. அங்கே ஆற்று மட்டம் 'நோர்மல்' என்று இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். பெரிய ஆற்றின் அளவு, மலைக்குள் இருக்கும் சின்ன ஓடையின் கதையைச் சொல்லாது.

வானிலைத் துறையின் 'மைசுவாச்சா' செயலியில் இடிமழை எச்சரிக்கை வரும். ஒரு முறை விடுக்கப்படும் எச்சரிக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது என்பதால், காலையில் பார்த்தது மாலைக்கு உதவாது. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்புவது நல்லது.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை என்பதால், விடியுமுன்னே மானத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். புழுக்கத்துக்கு நடுவே திடீரென்று குளிர்ந்த காற்று வீசினால் பக்கத்தில் எங்கோ மழை கொட்டுகிறது என்று அர்த்தம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பாருங்கள்: மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியேறி, காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

இறங்கியதும் நீரோரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, அடிக்கடி பாருங்கள். தெளிந்த நீர் தே தாரேக் நிறத்துக்கு மாறினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேலிருந்து லாரி உறுமுவது போல் சத்தம் கேட்டாலும், பையையும் செருப்பையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையின் மேட்டுப் பகுதிக்கு ஏறுங்கள். கரையோரமாகவே கீழ்நோக்கி ஓட வேண்டாம். வெள்ளமும் அந்த வழியில்தான் வரும். அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் கடக்க முயலாமல் மேட்டிலேயே இருந்து 999-ஐ அழைக்கலாம். சில லாத்தாக்களில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.