அழித்து எழுதும் குரல்

கெலமங்கலம் கடைத்தெருவில் ஒரே பேரத்துக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் வந்துபோகும். இப்படியொரு ஊரில் படம் காட்டுவதென்றால் எந்தக் குரலில் காட்டுவது? 1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் பல மொழிகளில் படம் எடுத்தது. அதன் 16 மி.மீ. பிரதிகள் வேனில் ஊர் ஊராகப் போயின. ஆனால் ஒரு பிரதிக்கு ஒரு மொழிதான். இதில் அதிகாரத்தின் மொழி அரசியல் மட்டும் இல்லை, ஒலி பதிகிற விதமும் இருக்கிறது.

அப்பிரதிகளில் இருந்தது ஒளிவழி ஒலி. சுருளின் ஓரத்தில் ஒலி ஒரு தடமாக அச்சாகியிருக்கும். விளக்கொளி அதை ஊடுருவிக் கூடிக் குறையும். ஒளிமின்கலம் அதை மின்னோட்டமாக்கும். லேபில் அச்சானது அச்சானதுதான், மாற்ற முடியாது. தவிர, 35 மி.மீ. சுருள் வினாடிக்கு 45.7 செ.மீ. ஓடும்போது 16 மி.மீ. சுருள் 18.3 செ.மீ.தான் ஓடும். அலைகள் நெருங்கிப்போய் உச்ச ஒலிகள் மழுங்கிவிடும்.

காந்த ஒலி வேறு சமாச்சாரம். கேசட் நாடாவில் இருக்கிற மாதிரி இரும்பு ஆக்சைடை ஓரத்தில் பட்டையாகப் பூசுவார்கள். மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் ஹெட்டின் கம்பிச்சுருளில் பாயும். ஹெட்டின் நுண்ணிய இடைவெளியைக் கடக்கும் துகள்கள் அந்த ஏற்ற இறக்கத்துக்கேற்பக் காந்தமேறும். மறுபடி ஓட்டினால் காந்தம் மின்னோட்டமாகத் திரும்பும். பிடிக்கலையா, அழிச்சுட்டு மறுபடி பேசலாம்.

1950களின் தொடக்கத்தில் வந்த பெல் அண்ட் ஹவல் ஃபிலிமோசவுண்ட் 202 புரொஜக்டரிலேயே இப்படிப் பதியலாம். ஒளித்தடத்தின் பாதி அகலத்துக்கு மட்டும் பட்டை பூசினால், அச்சான குரலும் இருக்கும், பக்கத்திலேயே உள்ளூர்க் குரலும் இருக்கும். வர்ணனையாளரின் பீடம் அங்கேதான் ஆட்டம் காண்கிறது.

1973இல் கோடக் சூப்பர் 8 காமிராவுக்குள்ளேயே காந்த ஒலியைக் கொண்டுவந்தது. அதில் ஒரு சிக்கல். படம் ஒவ்வொரு சட்டகமாக நின்று நின்று நகர வேண்டும். ஒலியோ சீராக ஓட வேண்டும். ஆகவே ஹெட்டைத் தள்ளி வைத்தார்கள். ஒலி தன் படத்துக்கு 18 சட்டகம் முன்னால் பதியும், 16 மி.மீ.யில் 28. வினாடிக்கு 18 சட்டகம் என்றால் சரியாக ஒரு வினாடி. ஒருவர் பேசத் தொடங்கும் சட்டகத்தில் வெட்டினால், அவர் பேச்சின் முதல் வினாடி வெட்டி எறிந்த துண்டோடு போய்விடும். திரையில் வாய் மட்டும் அசையும்.

அழிக்க முடிவது சுதந்திரம், ஆபத்தும் அதுவே. ஒலிபெருக்கியின் காந்தம் அருகில் இருந்தாலே பதிவு கெடலாம். அசிடேட் சுருள் புளித்த காடி வாடையடித்துச் சிதையும்போது இரும்பு ஆக்சைடு அதை இன்னும் விரைவாக்கும். சூப்பர் 8 ஒலிச்சுருளைக் கோடக் 1997இல் நிறுத்திவிட்டது.

தோழர்கள் வீட்டுப் பரணிலோ சங்க அலுவலக அலமாரியிலோ ஓரத்தில் பழுப்புப் பட்டை ஓடும் சுருள் கிடக்கிறதா, பாருங்கள். மோந்து பாருங்கள். படத்தை மட்டும் டிஜிட்டலாக்கித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டையையும் கேட்டுப் பதியச் சொல்லுங்கள். ஊமைப்படமாக மிஞ்சிய போராட்டத்துக்கு மறுபடியும் வேறு யாரோதான் குரல் கொடுப்பார்கள்.