மார்கழியில் வெதுவெது, சித்திரையில் ஜில்: மண்ணுக்குள் இருக்குது இயற்கை ஏ.சி.

கள்ளக்குறிச்சி:
கல்வராயன் மலையில் மார்கழி விடியலில் கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். சித்திரை வெயிலில் அதே தண்ணி ஜில்லுன்னு இருக்கும். உண்மையில் மாறுவது வெளிக்காற்றுதான். நாலைந்து மீட்டர் ஆழத்தில் மண்ணின் சூடு வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுதான்.

இதைத்தான் டெல்லி அருகே குர்கானில், 'டெரி' நிறுவனத்தின் பயிற்சி மையத்தில் பயன்படுத்தினர். 4 மீட்டர் ஆழத்தில் குழாய் பதித்து, அதன் வழியாக வரும் காற்றை அறைகளுக்கு விட்டனர். கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு. காற்றை இழுக்கும் விசிறிக்குத்தான் கரண்ட் வேண்டும்.

கள்ளக்குறிச்சி வெயிலுக்கு இது ஏ.சி. மாதிரி ஜில்லிப்பு தராது. 40 டிகிரி அனல் காற்று தணிந்து வரும், அவ்வளவே. பள்ளம் தோண்டவே காசு கரையும், மலையில் பாறை வேறு. புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே பதித்தால் செலவு குறையும். குழாயைச் சரிவாகப் போடணும். தண்ணி தேங்கினால் பூஞ்சை பிடிச்சிடும்.