எண்களில் ஒரு மாலைமாற்று

‘விகடகவி’ என்னும் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதுவே வரும். இவ்வாறு அமையும் செய்யுளை ‘மாலைமாற்று’ என்று தமிழ் இலக்கணத்தார் அழைத்தனர். எண்களிலும் மாலைமாற்று உண்டு. அவற்றுள் எழில் மிக்க ஒன்று 12345678987654321. ரூபாயாகக் கொண்டால் இது 12,345 இலட்சம் கோடியையும் தாண்டிய தொகை!

இந்த 17 இலக்க எண் பிறக்கும் விதம் எளியது. 111111111 என்னும் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் இது கிடைக்கும். தாளில் பெருக்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒன்றுகளால் ஆன ஒன்பது வரிகள், ஒவ்வொன்றும் முந்தைய வரியைவிட ஓர் இடம் இடப்புறம் தள்ளி நிற்கும். செங்குத்தாகக் கூட்டும்போது வலக்கோடியில் 1, அடுத்து 2 என ஏறி, நடுவில் 9 ஆகி, பின்னர் 1 வரை இறங்கும்.

பத்து ஒன்றுகளை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? நடுவில் கூட்டுத்தொகை 10 ஆகி, ஒன்று இடப்புறம் ஏறிவிடும். விடை 1234567900987654321, மாலை அறுந்துவிடுகிறது.

நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 81. அந்த 81 இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும். 111111111 என்பது 9 × 12345679 ஆதலால், அதன் வர்க்கத்தில் 9 இருமுறை அடங்கியிருக்கிறது.

இவ்விந்தை நம் நாட்டவர்க்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், தமது ‘கணிதசாரசங்கிரகம்’ என்னும் நூலில் 27994681 × 441 = 12345654321 என்னும் பெருக்கலைத் தருகிறார். ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறிப் பின் முறையே இறங்கும் எண் என அதை வருணிக்கிறார். இத்தகைய விடைகள் சிலவற்றைக் கழுத்தணி என்றே குறிப்பிடுகிறார். தமிழர் ‘மாலை’ என்றதும் அவர் ‘கழுத்தணி’ என்றதும் இனிய ஒற்றுமை! அந்நூலை ரங்காச்சாரியார் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் வெளியிட்டார்.

மாலைமாற்று எண்ணைத் திருப்பி எழுதினால் வேறுபாடு சுழியம். ஏனைய எண்களில் அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால், வேறுபாடு எப்போதும் 9ஆல் வகுபடும். 5,472 என்பதை 5,742 என எழுதினால் வேறுபாடு 270. அதாவது 9 × 30. இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துவராதபோது, வேறுபாட்டை 9ஆல் வகுத்துப் பார்ப்பது கணக்கர்களின் பழைய வழக்கம். வகுபட்டால், இலக்கங்கள் எங்கோ இடம் மாறியிருக்கக்கூடும் என்று முதலில் ஐயுறுவர்.

உங்கள் கணக்கு எண் மாலைமாற்றாக இருப்பது அரிது. எனவே பணம் அனுப்புமுன் பெறுபவரின் கணக்கு எண்ணை இடமிருந்து ஒருமுறையும் வலமிருந்து ஒருமுறையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் உழைத்துச் சேர்த்த பணம் வேறொருவர் கணக்கைச் சென்றடையக்கூடும்.