நேர்வாட்டமா, மூலைவாட்டமா?

மாணவர்களே, ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓரத்தின் இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது நீளவே இல்லை எனலாம். அடுத்து, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். துணி நன்றாக நீள்கிறது. நடுவில் ஒடுங்கவும் செய்கிறது. துணி ஒன்றுதான், குணம் மட்டும் இரண்டாக இருப்பது ஏன்?

நெய்த துணியில் பாவு நூல்களும் ஊடை நூல்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் செல்கின்றன. நூலின் திசையில் இழுத்தால் விசையை நூலே நேராகத் தாங்குகிறது. பருத்தி நூல் எளிதில் நீளாது. மூலைவாட்டில், அதாவது 45 பாகைக் கோணத்தில் இழுக்கும்போது அத்திசையில் எந்த நூலும் இல்லை. நூல்களின் நீளம் மாறுவதில்லை. அவற்றுக்கு இடையேயுள்ள கோணம்தான் மாறுகிறது. சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாகின்றன. இதுவே நீங்கள் பாடத்தில் படிக்கும் சறுக்குப் பெயர்ச்சி. 90 பாகைக் கோணம் 80 பாகையானால் நீளம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடும். அகலம் 9 சதவீதம் குறையும். கணக்கிட்டுப் பாருங்கள்.

இது எங்கே பயன்படுகிறது? இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வையின் ஓரத்தை ஒரு பட்டைத் துணியால் மூடித் தைப்பார்கள். அப்பட்டையை நேர்வாட்டில் வெட்டுவதா, மூலைவாட்டில் வெட்டுவதா?

போர்வையின் மூலை 10 செ.மீ. ஆரமுள்ள கால்வட்டமாக இருப்பதாகக் கொள்வோம். வெளி விளிம்பின் நீளம் 15.7 செ.மீ. ஒரு செ.மீ. உள்ளே தள்ளியிருக்கும் தையல் கோட்டின் நீளமோ 14.1 செ.மீ.தான். ஒரே பட்டையின் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் இருக்க வேண்டும். நேர்வாட்டுப் பட்டையால் இது முடியாது, சுருக்கம் விழும். மூலைவாட்டுப் பட்டை வளைவோடு வளைந்து கொடுக்கும். ரவிக்கைக் கழுத்துக்குத் தையற்காரர் 'கிராஸ் பீஸ்' வெட்டுவதும் இதனால்தான்.

உழைப்பிலும் வேறுபாடு உண்டு. நேர்வாட்டுப் பட்டையில் மடிப்பு, ஓரிரு நூல்களின் மேலேயே ஓடுகிறது. உராய்வு முழுவதையும் அவையே ஏற்கின்றன. அவை தேய்ந்து அறுந்தால் ஓரம் நெடுகிலும் பிளந்துவிடும். மூலைவாட்டுப் பட்டையிலோ எண்ணற்ற நூல்கள் மடிப்பைச் சாய்வாகக் கடக்கின்றன. ஒவ்வொன்றும் சிறிதளவே தேய்கிறது. ஒன்று அறுந்தாலும் அடுத்தது தாங்கும்.

'மூலைவாட்டில் வெட்டினால் துணி வீணாகுமே!' என்பீர்கள். 150 செ.மீ. அகலமும் 200 செ.மீ. நீளமும் உள்ள போர்வையின் சுற்றளவு 700 செ.மீ. பட்டையின் அகலம் 6 செ.மீ. எனில் தேவையான பரப்பு 4,200 சதுர செ.மீ. பக்கம் 70 செ.மீ. உள்ள சதுரத் துணியின் பரப்பு 4,900. அதை மூலைவிட்டத்தில் வெட்டி, இரு முக்கோணங்களின் சிறு பக்கங்களைச் சேர்த்துத் தைத்தால் இணைகரம் கிடைக்கும். அதன் நீண்ட பக்கம் 99 செ.மீ. அதற்கு இணையாக 8 பட்டைகள் வெட்டலாம். மொத்தம் 792 செ.மீ. ஒட்டுத் தையல்களுக்குப் போகவும் மிச்சம் இருக்கும். வீணாவது மிகக் குறைவே.

அப்படியானால் எப்போதும் மூலைவாட்டம்தானா? இல்லை. எளிதில் நீளும் குணமே சில இடங்களில் குறையாகிவிடும். தைக்கும்போது கை சற்று இழுத்தாலும் நேரான ஓரம் அலை அலையாய் நெளியும். சுவரில் தொங்கவிடும் நேர் ஓர விரிப்புக்கு நேர்வாட்டுப் பட்டையே ஏற்றது. வளைந்த ஓரத்துக்கு மூலைவாட்டம் தவிர வேறு வழியில்லை. நாள்தோறும் போர்த்தி, அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு, ஓரம் நேராக இருந்தாலும் மூலைவாட்டமே நீண்ட நாள் உழைக்கும்.

கத்தரிக்கோலை எடுக்குமுன் நூலின் திசையைப் பாருங்கள். எங்கே வளைய வேண்டும், எங்கே வளையாதிருக்க வேண்டும் என்று கேளுங்கள். விடை துணியிலேயே இருக்கிறது.